கொடிப் போஞ்சிக்குக் கம்பு நடுவது வீண் வேலையா?

11 பெப்ரவரி 2024
தலவாக்கலைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டது:

"அக்கா, லயத்துக்கு முன்னால எங்களுக்குச் சின்னத் துண்டு நிலம் இருக்கு. ஜனவரியில கரட் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டினதுல இருந்து, கொஞ்ச மரக்கறியாவது நாமளே போட்டுக்கணும்னு வீட்டுல எல்லாருக்கும் எண்ணம். போஞ்சி போடலாம்னு இருக்கேன். கொடிப் போஞ்சி வேணாம், கம்பு வெட்டணும், நடணும், கட்டணும், காத்துல சாயும், எல்லாம் வீண் வேலை, செடிப் போஞ்சியே போதும், சமைச்சா ரெண்டும் ஒரே ருசிதான்னு எங்க மாமா சொல்றார். அவர் சொல்றது சரியா?"

11 பெப்ரவரி, மாலை

மாமா சொல்வது லொறியில் போஞ்சி ஏற்றுகிறவர்களுக்குச் சரி. வீட்டுச் சட்டிக்குச் சரியில்லை.

செடிப் போஞ்சி முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். பூவெல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வரும், காயும் அப்படியே. இரண்டு மூன்று வாரத்தில் பறித்து முடிந்துவிடும். வியாபாரத்துக்கு அது வசதி. ஆள் வைத்துப் பறித்து, மூட்டை கட்டி, கெப்பெட்டிப்பொல பொருளாதார நிலையத்துக்கு (மரக்கறி மொத்தச் சந்தை) அனுப்பிவிட்டு நிலத்தைக் கொத்தி அடுத்த பயிரைப் போடலாம். வீட்டுக்கு வேண்டியது வேறு. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு கை காய் வேண்டும். அது நின்று நிதானமாக வந்துகொண்டே இருக்க வேண்டும். கொடி அதைத்தான் செய்கிறது. ஏற ஏறப் பூக்கும், பறிக்கப் பறிக்கக் காய்க்கும். ஒன்றரை மாதத்துக்குக் குறையாமல் வரும், நன்றாகப் பார்த்தால் அதற்கு மேலும் வரும்.

அப்புறம் நமக்கு இருக்கும் இடம். லயத்து முன்வாசலில் நீளமும் இல்லை, அகலமும் இல்லை. மேலே போகத்தான் இடம் இருக்கிறது. இன்னொன்று, நம் பக்கத்து மூடுபனி. செடிப் போஞ்சியின் இலை ஈர மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், மழையில் சேறு தெறிக்கும், மண்ணில் படும் காய் நுனி அழுகும். கொடியில் காற்று ஊடுருவிப் போகும், பத்து மணி வெயில் பட்டால் இலை காய்ந்துவிடும். நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

ருசி பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்கு ஒரு வரி போதாது.

12 பெப்ரவரி

கம்புக்கு முன்னால் காலம்.

மலைநாடு என்று ஒரே பேராகச் சொன்னாலும் மழை நமக்கு ஒன்றல்ல. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, மஸ்கெலியா எல்லாம் தென்மேற்கு மழைக்கு நெஞ்சைக் காட்டி நிற்கும் பக்கம். மே கடைசியில் பிடித்தால் மாதக்கணக்கில் கொட்டும். மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளையில் அதே மாதங்களில் வறண்ட காற்று வீசும். அவர்களுக்கு ஒக்டோபருக்குப் பிறகு வருவதுதான் பெரிய மழை. அதனால் "போஞ்சி எப்போது போடுவது" என்று கேட்டால் எந்தப் பக்கம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்குப் பெப்ரவரி கடைசி, இல்லையென்றால் மார்ச் முதல் வாரம். அப்போது போட்டால் மே மாதம் பெரிய மழைக்கு முன்னால் நல்ல பறிப்புக் கிடைக்கும். நுவரெலியா, கந்தப்பளைக்காரர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். அங்கே ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறையும். உருளைக்கிழங்கே கருகும் பனி அது. போஞ்சி தாங்கவே தாங்காது.

மண் குளிர்ந்து ஈரமாகக் கிடந்தால் விதை முளைக்காமல் அழுகும். விதையை இரவெல்லாம் ஊறப்போடவும் வேண்டாம். தோல் வெடித்து பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். காய்ந்த விதையை ஈர மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் போட்டால் போதும்.

18 பெப்ரவரி

மண். தேயிலை விளையும் மண் புளித்த மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், போஞ்சிக்குப் பிடிக்காது. பழைய தேயிலைக் காணியில் பாத்தி கட்டுகிறவர்கள் விதை போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். தங்கச்சிக்கு நாள் குறைவு, அதனால் இன்றே. அடுப்புச் சாம்பலும் உதவும், ஆனால் கையளவாக.

மாட்டெரு நன்றாக மக்கியதாக இருக்கட்டும். யூரியா கொஞ்சம் கூடினாலும் இலை கருகருவென்று வளர்ந்து கொடி ஓடும், பூ வராது. போஞ்சி வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதில் குடியிருக்கும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. ஆனாலும் அவரை இனத்தில் போஞ்சி இந்த வேலையில் கொஞ்சம் பின்தங்கியதுதான். எரு இல்லாமல் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது கிழங்கும் லீக்ஸும் போட்டிருந்தவர்கள் தவித்துப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வருடம் தலைநிமிர்ந்து நின்றது மாட்டெரு போட்ட போஞ்சிக் கொடி. விற்க அல்ல, வீட்டுக்கு. கறிக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு நாளும் இருந்ததில்லை.

25 பெப்ரவரி

இப்போது கம்பு. மாமா பயப்படுகிற அளவுக்கு இது பெரிய வேலையில்லை, தோட்டத்தில் இருக்கிற நமக்குக் கம்புக்குப் பஞ்சமும் இல்லை. கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிக் குறைப்பது) முடிந்த மலையில் மிளாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, கிடக்கும். அது குட்டை, ஆனால் கொடி முதலில் பற்றிக்கொள்ள அதைவிட நல்லது இல்லை, சொரசொரப்பாக இருக்கும். உயரத்துக்குச் சவுக்குக் கிளை, மூங்கில். கிளிசிரீடியா கம்பு நட்டால் அதுவே வேர்விட்டுத் துளிர்க்கும். நிழல் கட்டாமல் இலையை உருவிப் பாத்தியில் போட்டால் அதுவும் பசளை.

ஏழடிக் கம்பில் ஓர் அடி மண்ணுக்குள் போகட்டும். நான்கு கம்பைச் சதுரமாக நட்டுத் தலையைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கம்படியிலும் மூன்று விதை போட்டு, முளைத்த பிறகு நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். கம்பு நட்ட பிறகுதான் விதை. முளைத்த பின் கம்பைக் குத்தினால் வேரைக் குத்துவீர்கள்.

கொடியைக் கம்பில் எடுத்துவிடும்போது ஒன்று கவனியுங்கள். மேலேயிருந்து பார்த்தால் போஞ்சி எப்போதும் கடிகார முள் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். நீங்கள் மாற்றிச் சுற்றிக் கட்டினால் இரவோடு இரவாக அவிழ்ந்து தன் பக்கமே போகும். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு இதைப் பார்ப்பதில் அவ்வளவு ஆர்வம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகப் பாத்திக்குத்தான் போவான்.

3 மார்ச்

விதை என்ன இனம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கொடியில் கெப்பெட்டிப்பொல நில், பண்டாரவளை கிறீன், கென்டக்கி வொண்டர். செடியில் டொப் கிறொப், வேட். என் கணக்கில் வீட்டுக்குக் கெப்பெட்டிப்பொல நில்தான். கென்டக்கி வொண்டர் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய இனம், ருசி பிரமாதம், ஆனால் ஒரு நாள் தாமதித்தால் நார் வைத்துவிடும்.

கலப்பின விதைப் பக்கெட் வாங்கினால் அடுத்த போகத்துக்கு அதிலிருந்து விதை எடுக்க முடியாது, பிள்ளை தாயைப் போல வராது. பக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

17 மார்ச்

தலவாக்கலைத் தங்கச்சி எழுதுகிறாள்: "நல்லா முளைச்சு வந்துச்சுக்கா. இப்போ மூணு நாலு செடி மஞ்சளாகித் தலை தொங்குது. தண்ணி பத்தலையா?"

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு செடியைப் பிடுங்கித் தண்டும் மண்ணும் சேருமிடத்தைப் பார். வீங்கி, நீளவாக்கில் வெடித்திருந்தால் அது போஞ்சி ஈ. தோலை நகத்தால் நீக்கினால் உள்ளே பழுப்பு நிறத்தில் சின்னக் கூட்டுப்புழு இருக்கும்.

இந்த ஈ கறுப்பு, மினுமினுப்பு, எள்ளைவிடப் பெரிதில்லை. முதல் இலைகள் விரிந்ததுமே வந்து இலையில் குத்தி முட்டையிடும். குத்திய இடம் வெளிறிய புள்ளியாகத் தெரியும். புழு இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, அடித்தண்டில் தோலுக்குக் கீழே தின்னும். சாப்பாடு போகிற பாதை அறுந்துவிடுவதால் செடி மஞ்சளாகும். வெயில் காலத்தில்தான் தொல்லை அதிகம்.

ஒரேயடியாக வாடியதைப் பிடுங்கி எரித்துவிடு. பாத்தி ஓரத்தில் போட்டுவைக்காதே, கூட்டுப்புழு ஈயாகி மறுபடி வரும். நிமிர்ந்து நிற்பதற்கெல்லாம் முதல் இலைக்குக் கொஞ்சம் கீழ்வரை மண் அணை. காயம்பட்ட இடத்துக்கு மேலே புது வேர் விடும், அந்த வேரில் செடி பிழைத்துக்கொள்ளும். மானாப்புல் வெட்டி அடியில் மூடாக்குப் போடு. மண் ஈரமாகக் கிடந்தால்தான் அந்த வேர் இறங்கும்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முன்வாசல் பாத்தி அது, பிள்ளைகள் விளையாடுகிற இடம், சட்டிக்கு வருகிற காய். நான் அடிப்பதில்லை. ஒரு கம்புக்கு ஒரு செடி போனாலும் மற்றது ஏறிக்கொள்ளும். மூன்று விதை போடச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

24 மார்ச்

வெலிமடையிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நான்கு கம்பைத் தலை சேர்த்துக் கட்டுவது தங்கள் பக்கத்துக் காற்றுக்கு ஆகாது, முழுக் கூடாரமும் ஒரே பக்கமாகச் சாய்கிறது, கம்பை ஒற்றை வரிசையாக நட்டு மேலே குறுக்குக் கம்பு போட்டு, இரண்டு முனையிலும் கயிறு இழுத்துக் கட்டுகிறோம், வரிசை காற்று வீசும் திசையோடு போக வேண்டும், குறுக்கே நிற்கக்கூடாது என்கிறார்.

இதை யோசித்துப் பார்த்தேன். அண்ணன் சொல்வது நியாயம். பெப்ரவரி 25இல் எழுதியது மலை மறைவில் இருக்கும் வீடுகளுக்கு. திறந்த மேட்டில் இருப்பவர்கள் அண்ணன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், கம்பும் ஆறடிக்கு மேல் வேண்டாம். ஒற்றை வரிசையில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு பக்கமும் நின்று பறிக்கலாம். கூடாரத்தில் உள்ளே தொங்கும் காய் கண்ணுக்குத் தப்பி முற்றிவிடுகிறது. அது ஏன் பெரிய விஷயம் என்பது அடுத்த மாதம் தெரியும்.

காட்டுப் பன்றிக்கு என்ன செய்வது என்று கேட்ட மஸ்கெலியாக்காரருக்கு: வேலி ஒன்றுதான். வேறு வழி எனக்குக் கிடைத்ததில்லை.

16 ஏப்ரல்

வருடப்பிறப்பு முடிந்து வந்து பார்த்தால் ஒரே கேள்வி ஐந்தாறு முறை வந்திருக்கிறது: பூ வருகிறது, உதிர்கிறது.

முதலில் வரும் கொஞ்சப் பூ உதிர்வது வழக்கம். அதற்கு மேல் உதிர்ந்தால் மூன்று காரணம் பாருங்கள். வெயில் முப்பது பாகைக்கு மேல் போனால் பூ நிற்காது. நம் உயரத்தில் அது அபூர்வம், ஆனால் கண்டி, மாத்தளை பக்கம் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு ஏப்ரலில் நடக்கும். பூக்கும் வாரத்தில் மண் காய்ந்தாலும் உதிரும். இந்த மாதம் நம் பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், வராத நாளில் காலையில் வேருக்கு ஊற்றுங்கள், இலைக்கு வேண்டாம். மூன்றாவது அந்த யூரியா.

தேனீ வரவில்லை என்று கவலைப்பட்டவருக்கு: போஞ்சிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துக்கொள்ளும். தேனீ வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் காய் உண்டு.

28 ஏப்ரல்

என் பாத்தியில் பறிப்பு ஆரம்பம். பெப்ரவரி கடைசியில் போட்டது. அதனால் ருசிக் கதையை இப்போது எழுதலாம்.

போஞ்சிக் கொடிக்கு ஒரே நோக்கம் விதை. உள்ளே விதை முற்றிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும். நாம் இளசாகப் பறித்துக்கொண்டே இருந்தால் விதை கிடைக்கவில்லையே என்று மறுபடி பூக்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறிக்கும் சுற்று தப்பினால் கொழுந்து முற்றி, அந்த மலை அடுத்த சுற்றுக்கும் கெட்டுவிடும். அதே கணக்குத்தான், ஆனால் போஞ்சிக்குச் சுற்று இரண்டு நாள்.

எப்போது பறிப்பது? பென்சில் கனம். வெளியே விதையின் புடைப்பு தெரியக்கூடாது. வளைத்தால் "டக்"கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் தாமதம். நுனியைக் கிள்ளி இழுத்தால் நார் வரக்கூடாது. ஒரு கையால் கொடியைப் பிடித்து மறு கையால் காம்பைக் கிள்ளுங்கள். சும்மா இழுத்தால் பக்கத்துப் பூங்கொத்தும் சேர்ந்து வரும்.

மாமாவுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. ஒரே மாதிரி இளசாகப் பறித்து ஒரே நாளில் சமைத்தால் செடிக்கும் கொடிக்கும் ருசி வித்தியாசம் கொஞ்சம்தான். அந்த அளவில் அவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பறித்த நேரத்திலிருந்து காயின் இனிப்புக் குறைந்துகொண்டே போகிறது. கடைக்கு வரும் போஞ்சி எடைக்காகக் கொஞ்சம் முற்றவிட்டுப் பறித்தது, மூட்டையில் சூடேறியது, லொறியில் ஓர் இரவு கிடந்தது. கொடி இருந்தால் அடுப்பில் தேங்காயின் இரண்டாம் பாலை வைத்துவிட்டு முன்வாசலுக்குப் போய்ப் பறித்து வரலாம். அந்தச் சட்டியின் ருசியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கம்பு நடும் வேலைக்கு இது ஒன்றே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் நான்கைந்து நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். போஞ்சி கடும் குளிருக்கு ஆகாது, தோலில் குழிகுழியாகப் பழுப்புப் புள்ளி விழும்.

5 மே

தங்கச்சி வீட்டிலும் முதல் பறிப்பு. "ஒரு கோப்பை நிறைய வந்துச்சுக்கா" என்று எழுதியிருக்கிறாள். எப்படிச் சமைக்கிறாய் என்று கேட்டால் எல்லாவற்றையும் பொடியாக வெட்டி எண்ணெயில் போட்டுப் பிரட்டுகிறாளாம். முதல் காயை அப்படிச் செய்யாதே. பால் கறி வை.

காம்பையும் வாலையும் கிள்ளிவிட்டுக் கையாலேயே இரண்டு அங்குலத் துண்டாக ஒடி. கத்தி வேண்டாம். ஒடியாத காய் முற்றல் என்று அப்போதே தெரிந்துவிடும், அதை ஒதுக்கு. சட்டியில் இரண்டாம் பால், நீளமாக அரிந்த சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், பூண்டு இரண்டு பல், கறிவேப்பிலை, விரல் நீள ரம்பை, கால் தேக்கரண்டி மஞ்சள், வெந்தயம் விரல் நுனியால் எடுக்கிற அளவு. வெந்தயம் கூடினால் கசந்துவிடும். மாசி சேர்க்கிற வீடானால் இடித்த மாசி ஒரு கரண்டி. கொதி வந்ததும் காயைப் போடு. எட்டு, பத்து நிமிடம். கடித்தால் பச்சை வாசம் போயிருக்க வேண்டும், ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும். உப்பு. பிறகு முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு. தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரைந்து எண்ணெய் பிரியும்.

மிளகாய்த்தூள் போடவே கூடாது. எங்கள் அம்மா இதில் கண்டிப்பு. மலையிலிருந்து நனைந்து வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார், மஞ்சள் பால் நிறம் மாறியிருந்தால் யார் கை வைத்தது என்று கேட்பார்.

6 மே

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். "பச்சை நிறம் போய் பாசி நிறமாகிறதே" என்று டிக்கோயாவிலிருந்து ஓர் அக்கா கேட்கிறார். மூடி போட்டு வேகவைப்பதால். காய் வேகும்போது அதிலிருந்து கொஞ்சம் அமிலம் ஆவியோடு வெளியேறும். மூடி இருந்தால் அது திரும்பச் சட்டிக்குள் விழுந்து இலைப்பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை நீக்கிவிடும், நிறம் மங்கும். முதல் ஐந்து நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். தேசிக்காய் விடுவதும் அடுப்பை அணைத்து, கறி ஆறிய பிறகு. சோடா உப்புப் போட்டால் பச்சை நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் காய் குழைந்து வழவழக்கும். வேண்டாம்.

19 மே

மழை தொடங்கிவிட்டது. இலைக்கு அடியில் செங்கல் நிறப் பொடி, விரலால் தடவினால் ஒட்டுகிறது என்கிறார்கள். அது துரு நோய். குளிரும் ஈரமும் அதற்குத் தோது. அடியிலுள்ள பழைய இலைகளில்தான் முதலில் வரும். அந்த இலைகளைக் கிள்ளி அடுப்பில் போடுங்கள். இலை நனைந்திருக்கும்போது பாத்திக்குள் போகாதீர்கள், நம் கையும் உடுப்புமே அதை ஒரு கொடியிலிருந்து இன்னொரு கொடிக்குக் கொண்டுபோகும். மழை விட்டு இலை காய்ந்த பிறகு பறியுங்கள். முழுக்கப் போய்விட்ட கொடியைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். இந்த மாதம் வரை காய் கொடுத்தது போதும்.

அடுத்த போகம் அதே பாத்தியில் போஞ்சி போடாதீர்கள். லீக்ஸ், கோவா, கரட் எதுவானாலும் சரி.

2 ஜூன்

ஒதுக்கிவைக்கச் சொன்ன முற்றல் காயை என்ன செய்வது?

இரண்டு வழி. நடுத்தர முற்றலானால் நாரை இரண்டு பக்கமும் உரித்துவிட்டு, சாய்வாக மெல்லிசாகச் சீவி, உருளைக்கிழங்கும் நெத்தலிக் கருவாடும் சேர்த்துப் பிரட்டுங்கள். கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், கடைசியில் ஒரு தக்காளி. கோதுமை மா ரொட்டிக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. மலைக்குக் கட்டிக் கொண்டுபோனாலும் பால் கறி போலக் கெட்டுப்போகாது.

தோல் கடினமாகி உள்ளே விதை பருத்துவிட்டால் தோலை எறிந்துவிட்டு விதையை எடுங்கள். பச்சை விதை காய்ந்ததைவிடச் சீக்கிரம் வேகும். அதைத் தேங்காய்ப் பாலில் பூண்டு கூட்டி வைத்தால் பிள்ளைகள் வெறும் வாயில் சாப்பிடுவார்கள். சுடுதண்ணீரில் நன்றாகக் கொதித்து மெத்தென்று ஆன பிறகுதான் பால்.

16 ஜூன்

விதை எடுப்பது. நல்ல காய்ப்புள்ள, நோயில்லாத கொடியாகப் பார்த்து, முதல் பறிப்பின்போதே ஒரு சிவப்புத் துணி கட்டிவைக்கச் சொல்லியிருந்தேன் தங்கச்சியிடம். அந்தக் கொடியில் கீழ்க்காய்களைப் பறிக்காமல் விடுவது. கடைசியில் மிச்சமாகிற காயை விதைக்கு வைப்பவர்கள் அதிகம். அது மெலிந்த விதை, பெரும்பாலும் நோயும் பிடித்தது.

காய் மஞ்சளாகித் தோல் சுருங்கினால் போதும், இந்த மழையில் கொடியிலேயே காயட்டும் என்று காத்திருந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், சில காய் தொங்கியபடியே முளைவிடும். காம்போடு வெட்டி அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது உடைத்து, விதையை இன்னும் சில நாள் நிழலில் காயவையுங்கள். பல்லால் கடித்தால் பல் பதியக்கூடாது.

காயில் குழி விழுந்த கரும்புள்ளி இருந்தால் அந்த விதை வேண்டவே வேண்டாம். அந்திரக்நோஸ் நோய் விதைக்குள்ளேயே உட்கார்ந்து அடுத்த போகத்துக்கு வரும். நல்ல விதையைச் சலித்த சாம்பலோடு கலந்து போத்தலில் இறுக்கி மூடுங்கள். வண்டு வராது.

போஞ்சி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பக்கத்து வீட்டில் வேறு இனம் இருந்தாலும் உங்கள் விதை பெரிதாக மாறாது. வீட்டுக்கு வீடு விதையைக் கைமாற்றிக்கொள்ளுங்கள். நம் மலைக் குளிருக்கும் மழைக்கும் நின்று காய்த்த கொடியின் விதைக்குக் கடைப் பக்கெட் ஈடில்லை.

30 ஜூன்

கொடியை வேரோடு பிடுங்கி எறிகிறீர்களே என்று வெலிமடை அண்ணன் கோபப்படுகிறார். அவர் பக்கம் நானும். நோயில்லாத கொடியானால் தரை மட்டத்தில் வெட்டி எடுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும், அடுத்து வைக்கும் கோவாவுக்கு உதவும். கம்பைக் கழற்றிக் கூரைக்கு அடியில் சாத்திவையுங்கள், இன்னொரு போகத்துக்கு வரும். தங்கச்சியின் மாமா கம்புகளைத் தானே கட்டி எடுத்து வைத்திருக்கிறாராம்.

7 ஜூலை

கடைசியாக வந்த கேள்விக்கு நீளமாகவே சொல்ல வேண்டும், உடம்பு சம்பந்தப்பட்டது. விதைக்கு எடுத்தது போக மிஞ்சிய காய்ந்த போஞ்சிப் பருப்பைச் சமைக்கலாமா என்று நுவரெலியாவிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

கடையில் விதைக்கென்று வாங்கியதைச் சமைக்கவே கூடாது, மருந்து பூசியிருக்கும். வீட்டுக் கொடியில் எடுத்ததைச் சமைக்கலாம். ஆனால் காய்ந்த போஞ்சி விதையில் லெக்டின் என்றொரு நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சிவப்பு விதையில் அது அதிகம். மெல்லிய தணலில் இரவெல்லாம் வைத்து வேகவிடும் பழக்கம் இதற்கு ஆகாது. கொதிநிலைக்குப் போகாத சூட்டில் அந்த நச்சு அழியாது.

நம் உயரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆறாயிரம் அடியில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஹட்டன் பக்கம் 96. கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கொழும்பில் கொதிக்கிற சூடு அதில் இல்லை. அதனால் பருப்பு வேக நேரம் கூடும். பிரஷர் குக்கர் இருந்தால் அதுதான் சிறந்தது.

இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வேண்டும், அதற்குப் பிறகு வேண்டுமானால் தணலைக் குறைத்து மெத்தென்று ஆகும்வரை விடலாம். தக்காளியோ புளியோ முதலில் போட்டால் தோல் இறுகி வேகாது, எல்லாம் வெந்த பிறகு. இறக்கும் முன் ஐந்தாறு விதையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். ஒன்றில் நடுவில் கட்டி தட்டினாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்.